பழைய பிரமாணங்களில் மூதாதையரைத் தேடுதல்: குமரி மாவட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கத்தில் இருந்துகொண்டு, பழைய மலையாளப் பிரமாணங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, வாசித்துப் பொருள் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். முன்பெல்லாம் சொத்து வழக்குக்காக வருபவர்களே அதிகம். இப்போது, "எங்கள் முன்னோர் யார், எங்கிருந்து வந்தார்கள்" என்று அறிவதற்காகவே ஒரு துணிப்பையில் காகிதங்களைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றேயாக இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

எங்க பாட்டாவுக்க பாட்டா பேரு யாருக்கும் தெரியாது. எங்கேருந்து தொடங்கணும்?

தெரிந்த இடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். பலர் தொடக்கத்திலேயே 200 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தங்கள் வீடு வரை வழி கண்டுபிடிக்க முயல்கிறார்கள். அப்படித் தேடினால் வழி நூறாகப் பிரிந்துவிடும். உங்கள் கையில் இருக்கும் கடைசிப் பிரமாணம், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, வீட்டில் மூத்தவரின் நினைவு ஆகிய மூன்றையும் முதலில் ஓரிடத்தில் சேர்த்துவையுங்கள்.

கடைசிப் பிரமாணத்தில், இந்தச் சொத்து எழுதிக்கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்று ஒரு வாசகம் கட்டாயம் இருக்கும். "இன்ன ஆண்டு இன்ன நம்பர் பாகபத்திரப்படி கிடைத்து அனுபவித்துவருவதும்" என்பது போன்ற அந்த வாசகம்தான் முந்தைய பிரமாணத்துக்கான வழி. பாகபத்திரம் என்பது குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்து எழுதும் பத்திரம். முந்தைய பிரமாணத்தை நம்மூரில் முன்னாதாரம் என்பார்கள். ஒவ்வொரு முன்னாதாரமும் தனக்கு முந்தையதைச் சுட்டும். நபர்களைத் தேடாமல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அந்த நிலத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தெரியவருவார்கள்.

சென்சஸ் எடுத்தப்ப வீட்டுக்கு வீடு பேரு எழுதினாங்களே, அந்த லிஸ்ட்டை எங்க பாக்கலாம்?

பார்க்க முடியாது. இந்தப் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேறு சில நாடுகளில் பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள்; அந்த நாடுகளில் இருக்கும் உறவினர்கள் சொல்லக் கேட்டு, இங்கும் அப்படியே இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். நம் நாட்டில் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து எழுதும் தாள்கள், எண்களைக் கூட்டி அட்டவணை ஆக்குவதற்கே பயன்பட்டன; பெயர் வாரியாகத் தேடும் ஆவணமாக அவை பாதுகாக்கப்படவில்லை. மேலும், 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அப்பதிவுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

அப்படின்னா சென்சஸால ஒரு பிரயோஜனமும் இல்லியா?

உண்டு. ஆனால் அது உங்கள் பாட்டனாரின் பெயரைச் சொல்லாது. அவர் வாழ்ந்த ஊரைப் பற்றிச் சொல்லும். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தது என்பதால், அந்த நாள் வரைக்குமான கணக்குகளைச் சென்னை மாகாண அறிக்கைகளில் தேடிப் பயனில்லை; திருவிதாங்கூர் அறிக்கைகளில்தான் தேட வேண்டும். அங்கே முறையான முதல் கணக்கெடுப்பு 1875 மே 18 அன்று நடந்தது. மொத்த மக்கள்தொகை 23,11,379 என்று வந்தது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, இந்தியா முழுவதிலும் நடந்தபோதே இங்கும் நடந்தது. 1931இல் அந்தத் தொகை 50,95,973 ஆகியிருந்தது.

இந்த அறிக்கைகளில் மக்கள்தொகை, சமயம், சாதி, தொழில் ஆகியவை அட்டவணைகளாக இருக்கும். உங்கள் குடும்பம் "கல்குளத்தில் தலைமுறை தலைமுறையாக நெசவு செய்தது" என்று ஒரு பேச்சு வீட்டில் இருந்தால், நெசவுத் தொழிலில் எத்தனை பேர் எழுதப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பேச்சு பொருந்துகிறதா என்று ஓரளவு நிதானிக்கலாம். இவற்றுக்கும் முன்னர், 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து, வட்டாரம் வட்டாரமாக எழுதிவைத்த விவரணையும் இருக்கிறது. அதிலும் தனி மனிதர்களைத் தேட வேண்டாம். ஊரின் பழைய அமைப்பையும் எல்லையையும் அறிய அது உதவும்.

பிரமாணத்துல 1087-ன்னு வருஷம் போட்டிருக்கு. சோழர் காலமா?

இல்லை. அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்கிய இந்தக் கணக்கில்தான் திருவிதாங்கூர் அரசும், பிரமாணம் எழுதியவர்களும் நாள் குறித்தார்கள். ஆண்டுப் பிறப்பு சிங்கம் முதல் தேதி, அதாவது நம் ஆவணி மாதத் தொடக்கம், ஆகஸ்ட் நடுவில் வருகிறது. எனவே ஆகஸ்ட் நடு முதல் டிசம்பர் முடிய உள்ள நாள் என்றால் 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை என்றால் 825ஐக் கூட்ட வேண்டும். 1087 கன்னி மாதம் என்றிருந்தால் 1911; 1087 மகரம் என்றிருந்தால் 1912. தனு மாதம் மட்டும் டிசம்பரிலும் ஜனவரியிலும் விழுவதால் தேதியையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாதப் பெயர்கள் இராசிகளின் பெயர்கள்: சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. கணக்கு சரியாக வருகிறதா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தை "தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்" என்பார்கள். அது கொல்லம் 1099 கர்க்கடகத்தில், 1924 ஜூலையில் வந்தது. 1099உடன் 825ஐக் கூட்டிப் பாருங்கள்.

பழைய பிரமாணங்களில் ஆண்டை ௲௮௰௭ என்று எழுதியிருப்பதும் உண்டு. ௲ ஆயிரம், ௮ எட்டு, ௰ பத்து, ௭ ஏழு. ஆயிரம், எட்டுப் பத்து, ஏழு என்று சேர்த்து 1087 என்று படிக்க வேண்டும். சுழியம் இல்லாத இந்த எழுத்து முறை மலையாள எண்குறிகளிலும் இருந்தது. இதை அறியாமல் நான்கு இலக்கங்களாகப் படித்து, ஆண்டைத் தவறாகக் குறித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாமே மலையாளத்துல இருக்கு. எனக்கு ஒரு எழுத்துகூட தெரியாதே?

அச்சம் வேண்டாம். பிரமாணத்தின் மொழி ஒரு வாய்ப்பாடு போன்றது. ஒன்றை முழுவதும் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதி தானே புரியும். முதலில் நாள், பிறகு எழுதிவாங்குபவரின் தாலுகா, பகுதி, தேசம், வீட்டுப்பெயர், சாதி, தொழில், தகப்பனார் அல்லது காரணவர் (தாய்வழிக் குடும்பத் தலைவர்) பெயர், வயது; பிறகு எழுதிக்கொடுப்பவரின் அதே விவரங்கள்; அதன்பின் சொத்து வந்த வழி; தொகை; கடைசியில் சொத்தின் விவரமும் நான்கு எல்லைகளும், சாட்சிகளும், எழுதியவர் பெயரும். கொடிவழி, அதாவது வம்சாவளி, தேடுபவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி, அந்த முதல் பத்து வரிகளில் இருக்கிறது.

மலையாள எழுத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். நம் மாவட்டத்தாருக்குக் காது ஏற்கெனவே பழகியிருப்பதால் பொருள் விளங்குவது எளிது. களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிகளில் பிரமாணம் எழுதிக்கொடுக்கும் பழைய ஆதாரமெழுத்துகாரர்களும், மலையாளவழிப் பள்ளியில் படித்த முதியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வைத்து வாசிக்கும்போது, பொருளை மட்டும் கேட்டு எழுதாமல், சொல்லுக்குச் சொல் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இன்று முக்கியமில்லை என்று தோன்றும் ஒரு சொல் அடுத்த ஆண்டு தேவைப்படும்.

புரையிடம், ஒற்றி, பண்டாரவகை... இந்த வார்த்தையெல்லாம் என்ன?

அடிக்கடி வருபவற்றை மட்டும் சொல்கிறேன். "நிலம்" என்று தனியாக எழுதியிருந்தால் அது நெல்வயல். "புரையிடம்" என்பது வீடும் மரங்களும் நிற்கும் மேட்டுநிலம். "ஏலா" என்பது வயல்வெளி. "இன்ன ஏலாவில்" என்று வயலின் இடம் குறிப்பார்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில், வயலின் அளவைக் கோட்டை, மரக்கால் என்று விதைப்பாட்டால் சொல்லியிருப்பார்கள். அவ்வளவு விதை விதைக்கும் நிலம் என்பது பொருள்.

"ஒற்றி" என்பது நிலத்தின் அனுபவத்தை ஒப்படைத்துப் பெறும் கடன். "பாட்டம்" குத்தகை. "குழிக்காணம்" என்பது மரம் நட்டு வளர்ப்பதற்காகக் கொடுக்கும் குத்தகை. "இஷ்டதானம்" விருப்பத்தோடு கொடுக்கும் தானம். பெரும்பாலும் மகளுக்கோ மனைவிக்கோ எழுதப்பட்டிருப்பதால், கொடிவழிக்கு மிகவும் பயன்படும். "பண்டாரவகை" என்பது அரசுக்கு உரியதாக இருந்த நிலம். 1865ஆம் ஆண்டுப் பிரகடனம் அதன் குடிகளுக்கு விற்கவும் கொடுக்கவும் உரிமை கொடுத்தது. "ஸ்ரீபண்டாரவகை" என்று ஓர் எழுத்துக் கூடினால் அது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய நிலம். நம் மாவட்டத்தில் அந்த நிலங்களை 1964ஆம் ஆண்டுச் சட்டம் ரயத்துவாரியாக, அதாவது குடிகளே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலங்களாக, மாற்றியது. தொகைகள் பணத்திலும் சக்கரத்திலும் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

வீட்டுல ஒரு பிரமாணமும் இல்ல. ஆபீஸ்ல போய் எப்படி கேக்கணும்?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஒவ்வொரு பிரமாணத்துக்கும் நகல் உண்டு. அசையாச் சொத்துப் பிரமாணங்கள் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். அதற்கு இரண்டு அட்டவணைகள் வைத்திருப்பார்கள்: ஒன்று எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களின் வரிசையில், மற்றொன்று சொத்தின் வரிசையில். உங்களுக்குப் பெயர் மட்டும் தெரிந்தால் முதல் அட்டவணையையும், நிலம் மட்டும் தெரிந்தால் இரண்டாம் அட்டவணையையும் தேடக் கட்டணம் செலுத்தி மனு கொடுங்கள். 1ஆம் புத்தகத்தின் நகலை எவரும் பெறலாம். உயில்கள் பதிவாகும் 3ஆம் புத்தகம் அப்படியல்ல. அதற்கு வரையறைகள் உண்டு.

இணையத்தில் கிடைக்கும் வில்லங்க விவரம் பெரும்பாலும் 1975க்குப் பிற்பட்டது. அதற்கு முந்தையவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். "என் பாட்டனார் பெயரில் என்னென்ன இருக்கிறது" என்று கேட்டால் எவராலும் தேட முடியாது. ஊர், வீட்டுப்பெயர், உத்தேசமாக எந்தப் பத்தாண்டு என்று குறுக்கிக்கொண்டு போங்கள். கொல்லம் ஆண்டையும் ஆங்கில ஆண்டையும் சேர்த்தே மனுவில் எழுதுங்கள்.

ஊர் எந்த அலுவலகத்துக்கு உட்பட்டது என்பதிலும் கவனம் வேண்டும். இன்று கிள்ளியூர், திருவட்டார் வட்டங்களில் இருக்கும் ஊர்களைப் பழைய பிரமாணங்களில் பெரும்பாலும் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் காண்பீர்கள். விளவங்கோட்டின் மேற்கெல்லையில் இருந்த குடும்பங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலும் நிலம் வைத்திருந்தார்கள். அவர்களின் பிரமாணங்களைக் கேரளத்தில் பாறசாலைப் பக்கத்திலும் தேட வேண்டியிருக்கும்.

பழைய சர்வே நம்பரும் இப்போ உள்ள நம்பரும் ஒத்துப்போகல. என்ன செய்ய?

ஒத்துப்போகாது. திருவிதாங்கூரில் நில அளவையும் தீர்வை நிர்ணயமும் 1883இல் தொடங்கி 1911இல் முடிந்தன. அப்போது கொடுத்த எண் பழைய சர்வே எண். பின்னர் மறு அளவை நடந்து புதிய எண் வந்தது. இதைத்தான் பிரமாணங்களில் ரீசர்வே நம்பர் என்று எழுதுகிறார்கள். இரண்டையும் இணைக்கும் ஒப்புப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

1883க்கு முந்தைய பிரமாணத்தில் எந்த எண்ணும் இருக்காது. அங்கே நிலத்துக்குப் பெயர்தான் அடையாளம். நம்மூரில் ஒவ்வொரு விளைக்கும், அதாவது தோட்ட நிலத்துக்கும், ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எளிதில் மாறுவதில்லை. சர்வே எண்ணால் பிடிக்க முடியாத நிலங்களை விளைப்பெயராலும் நான்கு எல்லைகளாலும் பிடித்திருக்கிறேன். ஆகவே உங்கள் குடும்ப நிலங்களின் பழைய பெயர்களை, அங்கே வேலை செய்த முதியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். ரப்பர் வைத்த பிறகு, வீட்டுமனை ஆன பிறகு, அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

1956க்கு முந்தின ரெக்கார்டெல்லாம் திருவனந்தபுரத்துக்குப் போயிட்டுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. திருவிதாங்கூர் அரசின் தலைமைச் செயலகக் கோப்புகள், அரண்மனை ஆவணங்கள், பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் ஆகியவை திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. ஆனால் உங்கள் குடும்பத்தின் சாதாரண விற்பனைப் பிரமாணத்தைத் தேடி அங்கே போக வேண்டியதில்லை. மேலே அலுவலகத் தேடலைப் பற்றிச் சொன்ன வழியில் முதலில் உள்ளூரில் தேடுங்கள். முன்னோர் ஒருவர் அரசுப் பணியில் இருந்தார், ஊழியத்துக்காக விருத்தி நிலம் பெற்றார், அரசுக்கு மனு கொடுத்தார் என்பது போன்ற குறிப்பு கிடைத்தால் மட்டும் திருவனந்தபுரம் போவது பயன் தரும்.

ஒரே வீட்டுப்பேரு, ஒரே ஆளு பேரு. அவருதான் எங்க பூட்டான்னு உறுதியா சொல்லலாமா?

சொல்லக் கூடாது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரு வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்து, நால்வரும் தங்கள் மூத்த மகனுக்குத் தகப்பனார் பெயரை வைத்தால், ஒரே காலத்தில் ஒரே வீட்டுப்பெயரோடு ஒரே பெயரில் நான்கு பேர் நடமாடியிருப்பார்கள்.

என் சொந்தக் குடும்பத்திலேயே இந்தத் தவற்றைச் செய்தேன். கொல்லம் 1074ஆம் ஆண்டு ஒற்றிப் பிரமாணம் ஒன்றிலும் 1096ஆம் ஆண்டு விற்பனைப் பிரமாணம் ஒன்றிலும் ஒரே பெயர் இருந்தது. ஒற்றியில் தகப்பனார் பெயர் எழுதப்படாமல் வீட்டுப்பெயர் மட்டும் இருந்ததால், இருவரையும் ஒருவராகவே எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் கொடிவழி எழுதினேன். பிறகுதான் வயதைக் கவனித்தேன். முதலாவதில் 45, இரண்டாவதில் 56. இடையில் 22 ஆண்டுகள் கடந்திருக்க, வயது 11 மட்டுமே கூடியிருந்தது. பிரமாணங்களில் வயதை உத்தேசமாகத்தான் எழுதுவார்கள். இரண்டு மூன்று ஆண்டு பிசகலாம், பதினொன்று பிசகாது. அவர்கள் சித்தப்பா, பெரியப்பா மக்கள் என்பதை ஒரு பாகபத்திரம் பின்னர் தெளிவாக்கியது.

ஆகவே பெயர் ஒத்தால் மட்டும் போதாது. தகப்பனார் பெயர், வயது, நிலம், கையொப்பம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துவர வேண்டும். பாகபத்திரம் கிடைத்தால் அது எல்லாவற்றிலும் சிறந்தது, ஏனெனில் உரிமையுள்ள எவரையும் விட்டுவிட்டால் பின்னாளில் வழக்கு வரும் என்பதால், உயிரோடிருக்கும் பங்காளிகள் அனைவரையும், இறந்தவர்களின் வாரிசுகளையும் அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள்.

பிரமாணத்துல அப்பா பேரே இல்ல, மாமா பேருதான் இருக்கு. எழுதினவரு தப்பா எழுதிட்டாரா?

தவறு இல்லை. அந்தக் குடும்பம் மருமக்கள்வழியில் இருந்திருக்கிறது. நாயர் குடும்பங்களிலும் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களிலும் சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. குடும்பத் தலைவர் காரணவர். அவருக்குக் கீழ் உள்ளவர் அனந்தரவர். "இன்னாரின் அனந்தரவன்" என்று எழுதியிருப்பதை மகன் என்று மொழிபெயர்த்தால் கொடிவழி முழுவதும் கோணலாகிவிடும்.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் இதில் ஒரு தனித்தன்மை இருந்தது. காரணவரின் சொந்தப் பிள்ளைகளுக்குத் தந்தைவழிக் குடும்பச் சொத்திலிருந்து ஒரு பகுதி உகந்துடைமையாகவும், கைம்பெண்ணுக்கோ மணவிலக்குப் பெற்றவளுக்கோ ஒரு பகுதி நங்குடைமையாகவும் கிடைத்தது. இந்த இரண்டு சொற்களில் ஒன்றைக் கண்டால் அங்கே நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். மருமக்கள்வழி ஆவணத்தில் தந்தைக்கும் மகனுக்கும் உள்ள உறவு வெளிப்படும் அரிய இடம் அதுதான். 1925ஆம் ஆண்டு நாயர் சட்டமும் 1926ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்தபின் ஆளோகரிப் பங்குப் பிரிவினைகள், அதாவது ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொள்வது, பெருகின. ஆகவே கொல்லம் 1100க்குப் பிற்பட்ட பாகபத்திரங்களில், அதற்கு முன் தனித்தனியே தெரியாத பலரின் பெயர்களை ஒரே இடத்தில் காணலாம். இத்தகைய குடும்பங்களுக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு கொடிவழிகள் எழுதுவதே முறை.

எங்களுக்கு நிலமே கிடையாது. அப்போ எங்க முன்னோருக்கு தடயமே இருக்காதா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. நிலத்தைப் பிடித்துப் போகும் வழி, நிலம் இருந்தவர்களுக்கான வழி என்பதை மறைக்க முடியாது. திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டுப் பிரகடனம் வரை அடிமை முறை சட்டப்படியே நிலவியது. மனிதர்களை விற்றதும் வாங்கியதும் ஓலையில் எழுதப்பட்டன. சிலருடைய முன்னோரின் பெயர் ஓர் ஆவணத்தில் வருவது, விற்கப்பட்டவராகவே வருகிறது. அதைக் காண நேர்ந்தால் மனம் கனக்கும். இருந்தாலும் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். அவர் இருந்தார் என்பதற்கு வேறு சான்று இல்லாமலும் போகலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பதிவேடுகள் பிரமாணத்தை விடவும் சிறந்தவை. கடற்கரை ஊர்களில் 1544இல் பிரான்சிஸ் சவேரியார் வந்த காலத்திலிருந்தே கத்தோலிக்கப் பங்குகள் உள்ளன. பதிவேடுகள் எந்த ஆண்டு முதல் எஞ்சியிருக்கின்றன என்பது பங்குக்குப் பங்கு மாறும். உள்நாட்டில் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தபின் மயிலாடியிலும், பின்னர் நாகர்கோவிலிலும் லண்டன் மிஷன் சபைகள் வளர்ந்தன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும். பழைய பெயரையும் எழுதியிருந்தால், மதம் மாறுவதற்கு முந்தைய தலைமுறைக்கும் வழி கிடைத்துவிடும். முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம்.

எல்லோருக்கும் பொதுவானது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பழைய வாக்காளர் பட்டியலும் அப்படியே. அதில் தகப்பனார் அல்லது கணவர் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலம் இல்லாதவரும் அண்டையில் குடியிருந்திருப்பார். பிறர் பிரமாணங்களின் எல்லை விவரத்தில் "மேற்கு இன்னார் குடியிருப்பு" என்றும், சாட்சிக் கையெழுத்துகளில் கைநாட்டாகவும் அவர் நிற்கக்கூடும். உங்கள் பழைய வீட்டைச் சுற்றியிருந்த நிலக்காரர்களின் பிரமாணங்களை வாசித்துப் பாருங்கள்.

வீட்டுல ஓலைக் கட்டு ஒண்ணு இருக்கு. பிரிச்சுப் பாக்கலாமா?

அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். காய்ந்த ஓலை வளைத்தால் முறியும். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் தடவவும் வேண்டாம். இருக்கும் வரிசை குலையாமல், நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக இரு பக்கமும் படம் எடுத்துவிட்டு, சுவடி வாசிக்கத் தெரிந்தவரிடம் அந்தப் படங்களைக் காட்டுங்கள். எழுத்து தமிழாகவோ மலையாளமாகவோ இருக்கலாம்; பழையதாக இருந்தால் வட்டெழுத்து, மலையாண்மை என்னும் பழைய எழுத்து வகைகளில் ஒன்றாக இருக்கலாம். ஒரு வீட்டு ஓலைக்கட்டு எவ்வளவு பெறுமதி உடையது என்பதற்கு, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளே சான்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்ததால், நாஞ்சில் நாட்டின் நிலம், வரி, அடிமை வாணிகம் பற்றிய பல செய்திகள் தெரியவந்தன.

காகிதப் பிரமாணத்துக்கு ஓர் எச்சரிக்கை. சங்கு முத்திரை பதித்த திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் எழுதிய எங்கள் வீட்டுப் பிரமாணம் ஒன்றை, பாதுகாப்பதாக எண்ணிப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிக் கொண்டுவந்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் மை சூட்டில் பரவி, ஒரு வரி முழுவதும் போய்விட்டது. அந்த வரியில்தான் என் கொள்ளுப்பாட்டியின் தாய்வீட்டுப் பெயர் இருந்தது. ஒருபோதும் லேமினேட் செய்யாதீர்கள். மடிப்பை நீக்கி, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் வைத்தால் போதும்.

பழைய பிரமாணத்தைக் கண்டுபிடிச்சா அந்த நிலத்தைத் திருப்பிக் கேக்கலாமா?

கொடிவழியும் சொத்துரிமையும் வேறு வேறு. 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்தை உண்மை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்த விற்பனை, நீண்டகால அனுபவம், கால வரம்பு எல்லாம் இருக்கின்றன. சொத்து நோக்கம் இருந்தால் வழக்கறிஞரிடம் போங்கள். உறவினர் வீட்டில் காகிதம் கேட்கும்போதும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற அச்சத்தில்தான் பல பெட்டிகள் திறக்கப்படாமல் இருக்கின்றன.

பெண்கள் பேரு எங்கயுமே இல்லியே. எங்க ஆச்சிக்க அம்மை பேரை எப்படிக் கண்டுபிடிக்கது?

இருக்கிறது, தேடும் இடம்தான் வேறு. மருமக்கள்வழிக் குடும்பப் பாகபத்திரங்களில் பெண்களின் பெயர்களே கிளைகளின் தலைப்பாக நிற்கும். மற்றக் குடும்பங்களில் மகளுக்குக் கொடுத்த ஸ்ரீதனப் பத்திரம், இஷ்டதானம், கணவர் இறந்தபின் பிள்ளைகளுக்காகத் தாய் எழுதிய ஒற்றி ஆகியவற்றைப் பாருங்கள். திருமணத்துக்குப் பின் வீட்டுப்பெயர் மாறியிருக்கும் என்பதால், பிறந்த வீட்டின் பிரமாணங்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

உறையிட்டதால் அழிந்த அந்த வரியை நான் மீட்டது இப்படித்தான். கொள்ளுப்பாட்டியின் ஊரில் எங்களுக்கு உறவில்லாத ஒருவரின் 1091ஆம் ஆண்டு விற்பனைப் பிரமாணத்தை வாசித்துச் சொல்லப் போயிருந்தேன். சொத்து விவரத்தின் கடைசியில், தெற்கெல்லை எழுதும் இடத்தில், அவர் பெயரும் அவர் பிறந்த வீட்டின் பெயரும் இருந்தன. இன்னாள் வகைப் புரையிடம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் புரையிடத்தை இன்று வேறு யாரோ அனுபவிக்கிறார்கள். நடுவில் ஓர் அயினிமரம் நிற்கிறது. அந்த எல்லை வரியையும், அது எந்தப் புத்தகத்தில் எந்த நம்பரில் பதிவாகியிருக்கிறது என்பதையும், கொடிவழியில் அவர் பெயருக்கு நேரே எழுதிவைத்திருக்கிறேன்.